கரும்போரைக்கு ஒரு எடுத்துக்காட்டு

உங்க அகராதித் தாள்ல புள்ளின்னு எழுதாதீங்க சார். அதை அடிச்சிருங்க. புள்ளி வேற, போரை வேற.

இந்தச் சேர்ல உக்காருங்க. சேரோட கை உடைஞ்ச பக்கம் சாயாம உக்காரணும், அவ்வளவுதான். கிடாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்களை முட்டாது. என்னைத்தான் முட்டும். அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன். காப்பி வரும். உள்ள இருக்கிறது என் வீட்டுக்காரி சண்முகத்தாய். என்கிட்டப் பேசி இருபது நாளாச்சு, ஆனா வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காப்பி கொடுக்காம இருக்க மாட்டா.

முதல்ல அர்த்தம் சொல்லிடுறேன், எழுதிக்கோங்க. புள்ளின்னா எண்ணலாம். கையை வச்சு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி முடிச்சிடலாம். போரையை எண்ண முடியாது. வெள்ளை உடம்புல கருப்பை அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கும், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே சொல்ல முடியாது. கருப்பு தெளிச்சிருந்தா கரும்போரை. சிவப்பு தெளிச்சிருந்தா செம்போரை. கொடி ஆட்டுக்குத்தான் இந்தப் பேரு. உடம்பெல்லாம் கருப்பா இருந்து மூஞ்சியில மட்டும் ரெண்டு வெள்ளைக் கோடு இறங்கினா அது கன்னி ஆடு, அது வேற இனம். மாட்டுக்குத் திட்டுத் திட்டா இருந்தா மறைம்பாங்க. ஆட்டைப் பார்த்து மறைன்னு சொல்றவனை நான் சந்தையில பக்கத்துல நிக்க விடமாட்டேன். அவ்வளவுதான் அர்த்தம். இதுக்கு மேல எந்தப் பண்டிதரும் சொல்ல முடியாது.

அடுத்த கட்டத்துல என்ன போட்டிருக்கு? எடுத்துக்காட்டா? அதாவது அந்த வார்த்தையை வச்சு ஒரு பேச்சு. சரி, எழுதுங்க. 'எட்டயபுரம் சந்தையில் கரும்போரைக் கிடாய்க்கு நல்ல கிராக்கி.' எழுதிட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க. அது வேண்டாம், அடிச்சிருங்க. எந்த ஆட்டுக்கும் அதைச் சொல்லலாம். இந்த வார்த்தைக்குன்னே ஒரு எடுத்துக்காட்டு இருக்கு. நடந்ததைச் சொல்லாம அது விளங்காது. உங்க பஸ் நாலரைக்குத்தானே? அதுக்குள்ள சொல்லிடலாம்.

என் பேரு வெள்ளத்துரை. வெறும் வெள்ளத்துரைன்னு கேட்டா இந்த ஊர்ல மூணு பேரைக் காட்டுவான். போரை வெள்ளத்துரைன்னா நேரா இங்க கொண்டாந்து விட்டுடுவான். உங்களையும் அப்படித்தானே கொண்டாந்து விட்டாங்க? இருபத்தஞ்சு வருஷமா ஆட்டோட இருக்கேன். ஒரு ஆட்டை ஒருதரம் பார்த்தா அதோட போரை என் கண்ணுல ஒட்டிக்கிடும். ஆறு மாசம் கழிச்சு வேற சந்தையில வேற ஆள் கையில பார்த்தாலும், இது இன்னார் வீட்டு ஆடுன்னு சொல்லிடுவேன். பெருமைக்குச் சொல்லலை. ஊர்ல கேளுங்க, அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க. அவங்க சொன்னதால வந்த வினைதான் இவ்வளவும்.

இங்க எல்லாரும் குட்டி போட்ட மூணாம் மாசம் காதுல ஒரு வெட்டுப் போடுவாங்க. ஒருத்தன் நுனியில வெட்டுவான், ஒருத்தன் ஓரத்துல வெட்டுவான், ஆடு கலந்து மேய்ஞ்சாலும் வீட்டு அடையாளம் தெரியணும்ல. நான் வெட்ட மாட்டேன். ஒரு தடவைகூட வெட்டினதில்ல. சாமி உடம்பு பூராவும் எழுதி அனுப்பியிருக்கு, அதுக்கு மேல நான் காதுல வேற கையெழுத்துப் போடணுமான்னு கேப்பேன். என் வீட்டுக்காரி மட்டும், வெட்டிப் போட்டா என்ன, ஒரு நேரத்துக்கு ஆகும்லான்னு சொல்லுவா. கண்ணு தெரியாதவனுக்குத்தான் அது வேணும்னு சொல்லிட்டேன்.

போன கார்த்திகையில அருப்புக்கோட்டையில ஒரு துட்டிக்கு, சாவு வீட்டுக்கு, போயிட்டு மறுநாள் வந்தேன். கொட்டடியில கரும்போரைக் கிடா இல்ல. ஒரு வயசுக் கிடா, நல்ல உயரம். பொலிகிடாயா, இனம் பெருக்க, நிறுத்தலாம்னு வச்சிருந்தேன். எங்கன்னு கேட்டேன். போனது வரலைன்னா என் வீட்டுக்காரி. அவ்வளவுதான் சொன்னா. களவு போச்சுன்னு அவ சொல்லலை சார். அந்த வார்த்தை என்னோடது. ஊர் முழுக்க அதைச் சொன்னதும் நான்தான்.

கண்மாய்க்குள்ள தேடினேன், முள்ளுக்காட்டுல தேடினேன். மூணாம் நாள் தெக்குத் தெருப் பக்கமா வந்தேன். கடைசி வீடு கோப்பம்மா வீடு. புருஷன் சிவகாசியில லாரி ஓட்டுறான், மாசத்துக்கு ஒருதரம் வருவான். வீட்டுக்குப் பின்னால முருங்கை மரத்துல ஒரு கிடாயைக் கட்டியிருந்தா. வெள்ளை உடம்பு, கரும்போரை, சப்பையில, அதான் பின்னந்தொடையில, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு, கருப்புக்கு நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு. காதுல வெட்டு இல்ல. இந்த ஊர்ல காது வெட்டாத கிடா யார் வீட்டுக் கிடா? நான் மரத்தடியிலயே உக்காந்துட்டேன். அவ்வளவு கோவம்.

அவ வந்து, மாமா, இது நம்ம வீட்டுக் கிடா, இருளப்பசாமிக்கு நேர்ந்து விட்டது, அதனாலதான் காது வெட்டலைன்னா. அது உண்மைதான். சாமிக்கு விடுற கிடாய்க்குக் காயம் படக்கூடாது, வெட்டு விழுந்தா ஊனம்னு கணக்கு. அது எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல எனக்கு அது நல்லா யோசிச்சு வச்ச பதிலாத்தான் பட்டுது. பின்னால ஏன் கட்டியிருக்கேன்னு கேட்டேன். பிள்ளை அதோட விளையாடும், தெருவுல கட்டினா வண்டி வருதுன்னா. அதுக்கும் பதில் வச்சிருக்காளேன்னு நினைச்சேன். பதில் இல்லாட்டியும் தப்பு, இருந்தாலும் தப்பு. அப்படித்தான் இருந்துச்சு அன்னைக்கு என் புத்தி.

பிள்ளையைப் பத்திச் சொல்லணும். பேரு தர்ஷினி, அஞ்சு வயசு. நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கலை. காது கேக்குது, சொன்னதைச் செய்யுது, பேச்சு மட்டும் இல்ல. எந்தெந்த ஊரு ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கிட்டு அலைஞ்சா. கடைசியில இருளப்பசாமி கோவில்ல போய் நின்னு, பேச்சு வந்தா ஒரு கிடா தர்றேன்னு வேண்டிக்கிட்டா. அந்த வாரம் அவ ஆடு குட்டி போட்டுச்சு, இதுதான் உனக்குன்னு நேர்ந்து விட்டா. பிள்ளை அந்தக் குட்டியோடயே கிடந்து வளர்ந்துச்சு. ஒருநாள் குட்டி கயித்தை அறுத்துக்கிட்டு ஓட, பிள்ளை பின்னாலயே ஓடி, போரைன்னு கூப்பிட்டுச்சாம். அதுதான் முதல் பேச்சு. அம்மான்னு சொன்னதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

அந்தக் குட்டிக்கு அப்பன் என் வீட்டுப் பொலிகிடா. அதையும் சொல்லிடணும். ரெண்டு கிடாய்க்கும் ஒரே அப்பன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தா அதுல அதிசயம் இல்ல. இப்பச் சொல்றேன்ல, அன்னைக்கு இது எனக்கு ஞாபகத்துக்கே வரலை. வந்தப்பவும், அப்பன் என் வீட்டுலதானே இருக்கான்னு அதையும் என் பக்கத்துக்குத்தான் இழுத்தேன்.

ஞாயித்துக்கிழமை கோவில் முன்னால கூட்டம் கூடுச்சு. ஊர்த்தலைவர் சீனிராஜ் வந்துட்டார், ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க வேப்பமரத்துப் பக்கம். கிடாயை நடுவுல நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாலயே அடையாளம் சொல்லிடுன்னார் தலைவர், அது முறை. சொன்னேன். வெள்ளை உடம்பு, கரும்போரை, இடது சப்பையில உள்ளங்கை அகலம் கருப்பு, நடுவுல வெள்ளைப் பொட்டுன்னு, கண்ணை மூடிக்கிட்டே சொன்னேன். எல்லாம் அப்படியே இருந்துச்சு.

பால் ஊத்துற சேர்மக்கனி மட்டும் குனிஞ்சு பார்த்துட்டு, அண்ணாச்சி, இது வலது சப்பையில்லா இருக்குன்னான்.

இந்த இடத்தை நல்லாக் கேட்டுக்கோங்க சார். நான் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறலை. நீ ஆட்டுக்கு மூஞ்சி பக்கம் வந்து நில்லுடேன்னேன். வந்து நின்னான். இப்ப எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டேன். இடது பக்கம்னான். சந்தையில ஆட்டுக்கு எதிர்க்க நின்னு விலை பேசுவியா, வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவியான்னு கேட்டேன். கூட்டமே சிரிச்சுது. சேர்மக்கனியும் சிரிச்சான். இருபத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு தடவைகூட ஆட்டோட இடதை எதிர்க்க நின்னு சொன்னதில்ல. யாருமே சொல்ல மாட்டான். அது அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனா சொல்றது போரை வெள்ளத்துரை. அப்ப அதுவும் ஒரு கணக்காத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க.

கோப்பம்மாளைச் சத்தியம் பண்ணச் சொன்னார் தலைவர். சாமிக்கு நேர்ந்ததை வச்சுக்கிட்டு சாமி முன்னால சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டா. பயப்படுறா பாருங்கன்னேன். என்னைச் சத்தியம் பண்ணுன்னு யாரும் கேக்கலை. வெள்ளத்துரைக்கு எதுக்குச் சத்தியம்னு தலைவரே சொல்லிட்டார். எனக்கு அப்ப அது ரொம்பக் குளிர்ச்சியா இருந்துச்சு.

அப்ப அந்தப் பிள்ளை ஆத்தா கையை உதறிட்டு வந்து, போரைன்னு கூப்பிட்டுச்சு. கிடா தலையைத் திருப்பிட்டு நேரா அதுக்கிட்டப் போச்சு. கூட்டத்துல ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு. நான் விடலை. போரைங்கிறது பேரில்ல, நிறம், எந்த ஆட்டையும் அப்படிச் சொல்லலாம், ஒரு சின்னப் பிள்ளை கூப்பிட்டா எந்த ஆடும்தான் திரும்பும்னு சொன்னேன். வேணும்னா நான் கூப்பிடுறேன்னு, நானும் போரைன்னு கூப்பிட்டேன். திரும்பலை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருக்குன்னு சொல்லிட்டேன்.

கடைசியா உனக்கு என்னம்மா சொல்லணும்னு தலைவர் அவகிட்டக் கேட்டார். அவ சத்தம் போடலை, அழவும் இல்ல.

"போரைன்னா என்னன்னு மாமாவுக்குத்தான் தெரியும். எனக்கு என் ஆட்டைத்தான் தெரியும்."

அவளே ஒத்துக்கிட்டான்னு நான் சொன்னேன். தலைவரும் சரின்னுட்டார். கிடாயைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன். என் வீட்டுக்காரி பாதியிலயே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருந்தா. உலையை அடுப்புல வச்சுட்டு வந்திருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்.

காப்பி வந்துருச்சு, குடிங்க. பார்த்தீங்களா, ஒரு டம்ளர்தான். எனக்கு அப்புறம் நானே போய் எடுத்துக்கிடணும். பரவாயில்ல, நீங்க குடிங்க.

கிடா வந்து நாலரை மாசம் இங்க நின்னுச்சு. நான் தண்ணி காட்டுறேன், கொழை போடுறேன், தின்னும். கூப்பிட்டா திரும்பாது. கிட்டப் போனா முட்டும். ரெண்டு தடவை முட்டிக்காலு வீங்கிப் படுத்திருந்தேன். களவு போன ஆடு, கண்ட வீட்டுல நின்னதால குணம் மாறிருச்சுன்னு ஊர்ல சொன்னேன். எல்லாரும் ஆமான்னாங்க. நான் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்ற ஊர்ல இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது சார்.

அதுக்கிடையில ஊர்ல இன்னொரு பேச்சு. கோப்பம்மா பிள்ளை மறுபடியும் வாயைத் திறக்க மாட்டேங்குதுன்னு. பனிக்காலம், தொண்டை கட்டியிருக்கும்னு நான் சொன்னேன். தை போய் மாசியும் போய் பங்குனி வெயில் வந்துருச்சு. தொண்டைக்கட்டுன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

பங்குனிக் கடைசியில ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இந்தக் கிடாய்க்கு நான் என்ன குறை வச்சேன், ஏன் திரும்பிப் பார்க்க மாட்டேங்குதுன்னு புலம்பினேன். என் வீட்டுக்காரி சோத்துக் கரண்டியைக் கீழ வச்சா. உள்ள போய் அரிசி டின்னுக்குள்ள கையை விட்டு ஒரு போட்டோவை எடுத்தா. ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிட்டு என் தட்டுக்குப் பக்கத்துல வச்சா.

"இடது சப்பை. நல்லாப் பார்த்துக்கோங்க."

பார்த்தேன். என் கிடா. கழுத்துல மாலை. வெள்ளை உடம்பு, கரும்போரை, இடது சப்பையில உள்ளங்கை அகலம் கருப்பு, நடுவுல வெள்ளைப் பொட்டு. எதிர்க்க நின்னு பார்க்க வேண்டியதில்ல, எப்படிப் பார்த்தாலும் இடது. அந்தப் போரையை நான் குட்டியில இருந்து பார்த்திருக்கேன். அதைப் பார்த்த பிறகுதான், வெளியில நிக்கிறதுல ஒரு இடம்கூட அது மாதிரி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. கழுத்துல வேற, விலாவுல வேற. நாலரை மாசம் தினமும் பார்த்திருக்கேன் சார், என் ஆடுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பார்த்திருக்கேன்.

கிடாயைப் பார்த்து முடிச்ச பிறகுதான் போட்டோவுல மத்ததைப் பார்த்தேன். மொட்டை அடிச்சு சந்தனம் பூசின ஒரு பயல். காது குத்துற நேரம், அழுதுக்கிட்டு இருக்கான். பக்கத்துல நிக்கிறது என் மக ராமலட்சுமி.

உங்களுக்கு அதைச் சொல்லலையே. எனக்கு ஒரே மக. சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன இடத்துல, அங்க லோடு ஏத்துற பையனைத் தானா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. எங்களைக் கேக்கலை. நாலு வருஷமாச்சு. இந்த வாசல் மிதிக்கக்கூடாதுன்னேன், அவ பேச்சு இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னேன். இவளும் எடுக்கலை. எடுக்காம சாத்தூருக்குப் போக வரத்தான் இருந்திருக்கா. பேரன் பிறந்தது எனக்குத் தெரியும். ஊர்ல யாரோ சொன்னாங்க, கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

காது குத்துன்னா தாய் வீட்டுல இருந்து கிடா போகணும். அது முறை. நான் அருப்புக்கோட்டைக்குப் போன அன்னைக்கு இவ கிடாயை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வந்திருக்கா. போனது வரலைன்னு சொன்னால்ல, அதுல பொய் என்ன இருக்கு? போச்சு, வரலை. வெட்டி விருந்து போட்டாச்சு.

பயலை ஒருத்தர் மடியில வச்சிருந்தாங்க. வயசான ஆளு, யாருன்னு தெரியலை. தாய்மாமன் மடியில வச்சுத்தான் காது குத்துவாங்க. என் மகளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் இல்லாத பிள்ளையைத் தாத்தா மடியில வச்சுக் குத்துறதும் உண்டு. அந்த ஆளு வேட்டி கட்டியிருந்தார். நல்ல சலவை வேட்டி. பயல் அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துக்கிட்டு அழுறான்.

கூட்டத்துலயே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமேன்னு சத்தம்கூடப் போட்டேன்.

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே. ஆட்டைத்தானே பார்த்தீங்க."

அதுதான் கடைசி. அதுக்குப் பிறகு என்கிட்ட ஒரு பேச்சு இல்ல. சோறு போடுவா, தண்ணி வைப்பா, பேச மாட்டா. ஊர்ல ஒரு பிள்ளை பேசாம இருக்கு, வீட்டுல ஒரு பொம்பளை பேசாம இருக்கா. ரெண்டுக்கும் தொண்டைக்கட்டுன்னு சொல்ல முடியுமா?

மறுநாள் விடியக்காலம் எந்திரிச்சு கயித்தை அவுத்து விட்டேன். கையில பிடிச்சுக்கிட்டுப் போய்க் கொடுக்கலாம்தான். போனா என்ன ஏதுன்னு கேப்பாங்க. அவுத்து விட்டா அது வீட்டுக்கு அது போயிடும், ஆடு தானாப் போச்சு, நானும் தேடலை, அதோட முடிஞ்சிரும்னு நினைச்சேன். நினைச்ச மாதிரியே அது திரும்பிக்கூடப் பார்க்காம தெக்குத் தெருவுக்குப் போச்சு. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. புத்தியா முடிச்சிட்டேன்னு நினைச்சேன்.

எட்டு மணிக்கு சேர்மக்கனி பாலோட வந்தான். கிடாயைக் காணலையேன்னான். நான் பால் செம்பை நீட்டினேன். பத்து மணிக்குத் தலைவர் ஆள் விட்டார். கோப்பம்மா வீட்டுல உங்க கிடா நிக்குது, கூட்டத்துல தீர்ப்பான ஆட்டை அவுத்துட்டுப் போக அவளுக்கு என்ன துணிச்சல்னு ஊரே பேசுதுன்னான் வந்தவன். தானா வந்துச்சுன்னு அவ சொல்லியிருக்கா. யார் நம்புவான்? முதல்ல ஒருதரம் களவாண்டவ, ரெண்டாந்தரமும் களவாண்டுட்டா. சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு அவ வீட்டுப் பொங்கப்பானை கோவிலுக்கு வரக்கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டார். பொங்கப்பானை வரக்கூடாதுன்னா நேர்த்திக்கடனும் செலுத்த முடியாது, வேற கிடா வாங்கிட்டு வந்தாலும் முடியாது. வேண்டினது பாக்கி நிக்கும். பிள்ளை பேசாம இருக்கிறதுக்கும் அதுதான் காரணம்னு நாளைக்கு அவளையே சொல்லுவாங்க.

அவுத்தது நான்தான்னு தலைவர்கிட்டச் சொல்லத்தான் போனேன். வெள்ளத்துரை, நீங்க கவலைப்படாதீங்க, ஊரு உங்க பக்கம்னு தோள்ல கையைப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடிச்சிட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அவளே கிடாயைக் கொண்டாந்து, இந்தா, இந்த முளையிலதான் கட்டினா. பிள்ளையும் கூட வந்துச்சு. அவ என்னைத் திட்டியிருக்கலாம், முடிச்சை இழுத்துப் பார்த்தா, அவ்வளவுதான். பிள்ளை கிடாயைப் பார்த்துச்சு, வாயைத் திறந்துச்சு. கூப்பிடப் போகுதுன்னு நினைச்சேன். கூப்பிட்டிருந்தா அந்த இடத்துலயே கயித்தை அது கையில கொடுத்திருப்பேன், சத்தியமாக் கொடுத்திருப்பேன். மூடிக்கிடுச்சு. என்னைப் பார்த்துத்தான் மூடிக்கிடுச்சு. எனக்கு அப்ப வெக்கமா இருந்துச்சு சார். அறுபது வயசுல அஞ்சு வயசுப் பிள்ளை முன்னால நிக்க வெக்கமா இருந்துச்சு.

இது நடந்து இருபது நாளாச்சு. தினமும் சொல்லிடணும்னுதான் வேட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்புறேன். டீக்கடையில எல்லாரும் இருப்பாங்க, தலைவரும் இருப்பார். வாய் வரைக்கும் வரும். அதுக்குள்ள எவனாவது, அண்ணாச்சி, சந்தையில ஒரு ஆடு பார்த்தேன், அது போரையா மறையான்னு கேட்டுடுவான். நானும் பதில் சொல்லிட்டு வந்துடுவேன். அதுக்கு மட்டும் இந்த வாய்க்குத் தடங்கலே இல்ல.

கொடை வர்ற வெள்ளிக்கிழமை. இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க. வார்த்தை எழுத வந்தேன்னு சொன்னதும் எனக்கு என்னமோ பட்டுச்சு.

இந்தத் தாள் புத்தகமா வர எவ்வளவு நாளாகும்? மூணு வருஷமா? அது ஆகாது. இதே மாதிரி வெத்துத் தாள் இன்னொண்ணு இருக்கா? இருந்தா ரெண்டுலயும் எழுதுங்க. ஒண்ணு உங்க புத்தகத்துக்கு. இன்னொண்ணை நான் தலைவர் கையில கொடுத்துடுறேன். அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார், டீக்கடையில உள்ளவன் எல்லாம் கேப்பான். நான் அங்கதான் நிப்பேன், ஓடிற மாட்டேன். வாசிச்சு முடிச்சதும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு தெக்குத் தெருவுக்கு நடந்தே போவேன், வெயில்ல, எல்லாரும் பார்க்க. அதுக்குப் பிறகு கிடாயை வெட்டுறதோ கோவிலுக்கு உயிரோட விடுறதோ, அது அவளுக்கும் இருளப்பசாமிக்கும் உள்ள விஷயம். பிள்ளை என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. சொன்னா கேட்டுக்கிடுறேன்.

சரி, எழுதுங்க. சொல், கரும்போரை. பொருள், முன்னால சொன்னதுதான், மாத்த வேண்டாம். எடுத்துக்காட்டு. 'வலது சப்பையில் கருப்பு உள்ள இந்தக் கரும்போரைக் கிடா தெற்குத் தெரு கோப்பம்மாளுடையது. அவள் களவாடவில்லை. கூட்டத்தில் தப்பாகச் சொன்னவனும், கயிற்றை அவிழ்த்து விட்டவனும் வெள்ளத்துரை.'

தப்பாகச் சொன்னவர்னு மரியாதைக்கு மாத்தாதீங்க. சொன்னவன்தான்.

கடைசிக் கட்டத்துல என்ன, தகவல் சொன்னவர் கையெழுத்தா? கொடுங்க பேனாவை. இந்தா, போட்டாச்சு. ரெண்டுலயும் போட்டாச்சு.

இப்ப அந்த எடுத்துக்காட்டை மட்டும் ஒருதரம் வாசிங்க.

அப்படி இல்ல, இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க. அடுப்படியில ஆள் இருக்கு.